உயரம் போதாது என்றார்கள்!



அமெரிக்கன் ஃபுட்பால் என்றவுடனே நம் கண்ணில் வருவது என்ன? தலையில் ஹெல்மெட், தோளில் கனமான கவசம், ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கிடக்கும் பத்துப் பேர். பேர்தான் ஃபுட்பால். காலால் உதைப்பது கொஞ்சம், கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதிகம்.

அந்த ஆட்டத்தில் சாம் மில்ஸ் என்று ஒரு மனுஷர் இருந்தார். ஆள் குள்ளம் என்று ஒதுக்கப்பட்டவர். அவருடைய கதை நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

லைன்பேக்கர் என்றால் யார்?

ஒரு அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 'டச் டவுன்', 6 புள்ளி.

தடுக்கிற அணி மூன்று அடுக்காக நிற்கும். முன் வரிசையில் மலை மாதிரி ஆட்கள். பின் வரிசையில் வேகமாக ஓடுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்தான் லைன்பேக்கர். எதிரி பந்தோடு ஓடி வந்தால் பிடித்துச் சாய்க்கணும். பந்தை எறிந்தால் பின்னால் ஓடி மறிக்கணும். சில சமயம் எறிகிறவர் மேலேயே பாயணும். இந்த மூன்றில் எது என்பதைப் பந்து அசைந்த கணத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்! உள்ளே, நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, 'நீ இந்தப் பக்கம் வா, நீ அந்தப் பக்கம் போ' என்று தன் அணிக்குக் குரல் கொடுப்பவர் அவர்தான். உடம்பில் பலம் மட்டும் இருந்தால் போதாது, மூளையும் வேலை செய்யணும்.

இந்த இடத்துக்கு ஆறடிக்கு மேல் உயரமானவர்களைத்தான் பொதுவாகத் தேடுவார்கள். சாம் மில்ஸ் 5 அடி 9 அங்குலம்.

சின்னக் கல்லூரி, பெரிய ஆட்டம்

1959-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். லாங் பிராஞ்ச் என்ற ஊரில் வளர்ந்தார். படித்தது அதே மாநிலத்தில் உள்ள மான்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள், டி.வி., லட்சக்கணக்கான ரசிகர்கள். மான்ட்கிளேர் இருந்தது மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அந்தக் கல்லூரியில் எதிரிகளைப் பிடித்துச் சாய்த்ததில் சாதனையே படைத்தார் மில்ஸ்.

ஆனால் என்ன பிரயோஜனம்? 1981-ல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. 28 அணிகள், 12 சுற்றுகள், முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் சாம் மில்ஸ் பெயர் இல்லை! கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி பயிற்சிக்கு அழைத்துப் பார்த்துவிட்டு, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. 1982-ல் கனடாவின் டொரான்டோ அணிக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான்.

ஊருக்குத் திரும்பி வாத்தியார் ஆனார். ஈஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் புகைப்படக் கலையும் மரவேலையும் சொல்லிக்கொடுத்தார். ஆமாம் நண்பர்களே, நம்ம கார்பென்ட்ரி ஷாப் மாதிரிதான். சாயங்காலம் பையன்களுக்கு ஃபுட்பால் பயிற்சி. சம்பளம் வந்தது, குடும்பம் நடந்தது. கதை அத்தோடு முடிந்திருக்கலாம்.

திறந்த கதவு

1983-ல் யு.எஸ்.எஃப்.எல். என்ற புதிய போட்டித் தொடர் ஆரம்பமானது. அதில் பிலடெல்பியா ஸ்டார்ஸ் என்ற அணிக்கு ஆள் தேடினார்கள். மில்ஸை அனுப்பிவிட்ட அதே கிளீவ்லாண்ட் பயிற்சியாளர் சாம் ருட்டிக்லியானோதான் அவரைப் பற்றி எடுத்துச் சொன்னார்! மூன்று ஆண்டுகளிலும் ஸ்டார்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்தது. 1984, 1985 இரண்டிலும் கோப்பை.

குள்ளமானவர் எப்படி ஜெயித்தார்? நம்ம மெக்கானிக்ஸ் பாடம்தான். புவியீர்ப்பு மையம் தாழ்வாக இருக்கிற பொருளைச் சாய்ப்பது கஷ்டம். மோதும்போது யார் தோள் கீழே இருக்கிறதோ, அவர் எதிராளியை அடியிலிருந்து நெம்பித் தூக்கிவிடலாம். உயரமானவர் முழங்காலை மடக்கிக் குனிந்துதான் அந்த நிலைக்கு வரணும். மில்ஸ் நின்றாலே அந்த நிலை! குறை என்று எல்லோரும் சொன்னதே அவருக்கு ஆயுதமாகிவிட்டது. அதோடு எதிரணியின் ஆட்டத்தை உட்கார்ந்து படிக்கிற பழக்கமும் இருந்தது.

ஸ்டார்ஸ் பயிற்சியாளர் ஜிம் மோரா 1986-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குப் போனபோது மில்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். 1967-ல் தொடங்கிய செயின்ட்ஸ், 20 ஆண்டுகளில் ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் பார்த்ததில்லை. 1987-ல் 15 ஆட்டங்களில் 12 வெற்றி! ரிக்கி ஜாக்சன், வான் ஜான்சன், பேட் ஸ்வில்லிங், சாம் மில்ஸ் என்ற நான்கு லைன்பேக்கர்களை 'டோம் பேட்ரோல்' என்று அழைத்தார்கள். 1992 சீசனில் நால்வருமே நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார்கள். ஒரே அணியின் நான்கு லைன்பேக்கர்கள் அப்படிப் போனது அந்த ஒரு தடவைதான்.

1995-ல் கரோலினா பாந்தர்ஸ் என்ற புத்தம்புது அணியில் சேர்ந்தார். வயது 36. அந்த அணி முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் ஜெட்ஸ் வீரர் எறிந்த பந்தை மில்ஸ் இடையில் பறித்து, 36 கஜம் ஓடி டச் டவுன் அடித்தார். பாந்தர்ஸின் முதல் வெற்றி அதுதான். அடுத்த ஆண்டு, 37 வயதில், நாட்டின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். 1997-ல் ஓய்வு.

கடைசி ஆட்டம்

பிறகு பாந்தர்ஸுக்கே லைன்பேக்கர் பயிற்சியாளரானார். 2003 ஆகஸ்டில் குடலில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சிகிச்சை ஒரு பக்கம், மைதானம் ஒரு பக்கம். வேலையை விடவில்லை. 2004 ஜனவரியில் டல்லாஸ் அணியோடு முக்கியமான ஆட்டம். அதற்கு முன் வீரர்களிடம் பேசினார். நோய் என்று தெரிந்தபோது தனக்கு இரண்டே வழி இருந்தது, விட்டுவிடுவது அல்லது விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது என்றார். 'கீப் பவுண்டிங்!' அந்த ஆட்டத்தில் 29-10 என்று ஜெயித்து, சூப்பர் பவுல் வரை போனது அணி. அங்கே மூன்றே புள்ளியில் தோல்வி.

2005 ஏப்ரல் 18 அன்று மில்ஸ் காலமானார். வயது 45. அவருடைய 51-ம் எண் சட்டையைப் பாந்தர்ஸில் இனி யாரும் அணிய முடியாது. 2022-ல், வழக்கமான பட்டியலில் அவர் பெயர் வரக்கூடிய கடைசி ஆண்டில், ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

நண்பர்களே, 'உழைத்தால் உயரலாம்' என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. புதிய தொடர் ஒன்று ஆரம்பிக்காமல் இருந்திருந்தால், ஒருவர் சிபாரிசு செய்யாமல் இருந்திருந்தால், மில்ஸ் மரவேலை வாத்தியாராகவே இருந்திருப்பார். அது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் கதவு திறந்த அன்று அவர் தயாராக இருந்தார். நம்மையும் மார்க்கை வைத்தும், காலேஜ் பேரை வைத்தும் அளப்பார்கள். அளந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு அளவுகோல் நம் கைக்கு வரும்போது, எதிரில் நிற்பவரின் உயரத்தை மட்டும் பார்க்காமல் இருப்போமா?