மணநாளும் ஒளிப்படமும்

மணவாழ்வின் தொடக்க நாளைப் பதிந்து வைக்க விழைவது மாந்தரின் இயல்பு. கேமரா என்னும் கருவி தோன்றுமுன் அப்பணியைப் புலவரின் நா செய்தது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் பாத்திமா திருமணத்திற்கெனத் தனிப் படலமே அமைத்தார். இன்றோ அப்பணியை ஒளிப்படக் கலைஞரிடம் ஒப்படைத்துள்ளோம். புலவர் தாம் நேரில் காணாததையும் மனக்கண்ணால் கண்டு பாடலாம். கேமரா தன் முன் நின்றதை மட்டுமே காட்டும். ஆகவே அதன்முன் யார், எப்போது, எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்னதாகவே எண்ணி வைத்தல் நம் கடனாகின்றது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில் நிகழும் திருமணங்களை, சிறப்பாக முஸ்லிம் இல்லத் திருமணங்களை, மனத்திற்கொண்டு இத்திட்டமிடலை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கலை வந்த வழி

சிறு துளை வழியே நுழையும் ஒளி, இருட்டறைச் சுவரில் வெளிக்காட்சியைத் தலைகீழாகத் தீட்டும். இவ்வுண்மையைச் சோதனை வாயிலாக ஆராய்ந்தோருள் தலையாயவர் பஸ்ரா நகரில் பிறந்த இப்னுல் ஹைஸம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் மூலநூல்களுள் ஒன்று. எட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1839-இல், தாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது. 1858-இல் லினேயஸ் டிரைப் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-இல். இரயிலும் கேமராவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நம் மண்ணிற்கு வந்தன எனலாம்.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயன்றது. ஒவ்வொரு படமும் செலவு. ஆதலின் எண்ணி எடுத்தனர். டிஜிட்டல் கேமராவில் ஆயிரக்கணக்கில் எடுத்தாலும் கூடுதற் செலவில்லை. ஆதலின் எண்ணாமல் எடுக்கின்றனர். படங்கள் பெருகப் பெருகத் திட்டமும் பெருக வேண்டும் என்பதைப் பலர் உணர்வதில்லை.

நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி

திருவொற்றியூரில் நாம் நன்கறிந்த குடும்பமொன்றில் திருமணம் நடந்தது. எடுத்த படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். மணம் முடிந்த நாற்பதாம் நாள் மணமகளின் தாய்வழிப் பாட்டனார் இறையடி சேர்ந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து நான்கு பெண்மக்களைக் கரையேற்றியவர் அவர். "நன்னா இருக்கும் படம் ஒன்று தேடித் தாருங்கள்" என்று பேத்தி கேட்டாள். தேடினார்கள். மேடை அலங்காரம் நூறு படங்களில் இருந்தது. பிரியாணித் தேக்சா பத்துப் படங்களில் இருந்தது. பாட்டனாரோ ஒரே ஒரு படத்தில், முதுகு காட்டியவாறு, பந்திக்குத் தண்ணீர் எடுத்துச் செல்பவராக இருந்தார்.

குற்றம் யாருடையது? கலைஞருக்கு அவர் இன்னார் என்று தெரியாது. தெரிந்த எவரும் சொல்லவில்லை. இந்நிகழ்ச்சியே இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டியது.

முதற் சந்திப்பு

'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். மண்டபம் உறுதியானவுடன் கலைஞரைச் சந்தித்தல் நன்று. அவர் காட்டும் தேர்ந்த படங்கள் பத்தினைக் கண்டு மயங்குதல் கூடாது. ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும். மங்கிய விளக்கொளியிலும் நெரிசலிலும் அவர் எவ்வாறு பணியாற்றுகிறார் என்பது அதில்தான் புலனாகும். அவரே வருவாரா, உதவியாளரை அனுப்புவாரா என்பதையும் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

பேசியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நலம். பணியாற்றும் நேரம், வரும் ஆட்களின் எண்ணிக்கை, வீடியோ உண்டா இல்லையா, ஆல்பத்தின் பக்கங்கள், ஒப்படைக்கும் நாள், முன்பணம், நேரம் நீண்டால் கூடுதற் கட்டணம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பின்னர் இரு தரப்பும் மனம் நோவதை நாம் பலமுறை கண்டுள்ளோம்.

நேரமும் ஒளியும்

எண்ணூரிலிருந்து இராயபுரம் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. எனினும் துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும் நாளில் அத்தொலைவைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. நிக்காஹ் முற்பகல் பதினொன்றரை மணிக்கு எனின், மாப்பிள்ளை வீட்டுப் படங்களை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு புறப்படுதல் வேண்டும். மணமகள் இல்லத்திற்கென வேறொரு கலைஞர் இருப்பது சாலச் சிறந்தது. லுஹர் தொழுகை நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு முன்னரோ பின்னரோ குழுப்படங்களை அமைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. ஆகவே காலையிளங்கதிர் கடலிலிருந்து நேரே முகத்தில் விழும். மாலைக் கதிரவனோ நிலத்தின் பக்கம், ஆலைப் புகைபோக்கிகளின் பின்னே மறைவான். கடலோரப் படம் விரும்புவோர் விடியற்காலையையே தேர்தல் வேண்டும். அலைதடுப்புப் பாறைகள் வழுக்கும் தன்மையன. கனத்த மணவுடையுடன் அவற்றின்மேல் ஏறுதல் உயிருக்கே இடர். துறைமுக வளாகத்தினுள் அனுமதியின்றிப் படமெடுத்தல் ஆகாது. ட்ரோன் பறக்கவிட எண்ணுவோர், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அவ்விடம் எந்த நிற மண்டலத்தில் உள்ளது என முதலில் அறிதல் கட்டாயம். சிவப்பு மண்டலமாயின் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடல் இயலாது.

பள்ளிவாசல் ஒழுங்கு

நம் பகுதியில் கலைஞர்கள் எல்லாச் சமயத்தாரும் ஆவர். காலையில் தேவாலயத்திலும் மாலையில் பள்ளிவாசலிலும் படமெடுப்போர் உளர். அவர்களுக்கு நம் முறைகளை எடுத்துரைப்பது நம் பொறுப்பே. காலணி கழற்றும் இடம், தொழுவோர் முன்னே குறுக்கிடாமை, குத்பா ஓதப்படுகையில் பிளாஷ் ஒளியைத் தவிர்த்தல் ஆகியவற்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். மஹர் அறிவித்தல், ஈஜாபு கபூல், பதிவேட்டில் கையொப்பம், துஆ என்னும் வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் தக்க இடத்தில் அமைதியாக நின்றுகொள்வார். "இன்னொரு முறை சொல்லுங்கள், படம் எடுக்க வேண்டும்" என்று காஜியாரைக் கேட்கும் அவலம் நேராது. நிக்காஹ் வணக்கத்தோடு இயைந்த ஒப்பந்தம். அது காட்சிக்காக நிகழ்த்தப்படுவதன்று.

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சில ஜமாஅத்துகள் பள்ளிவாசலினுள் படமெடுக்க இசைவதில்லை. அம்முடிவை மதித்து, குழுப்படங்களை வெளியே அமைத்துக்கொள்வதே பண்பாடு. படம் சட்டப்படியான பதிவிற்கு மாற்றாகாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009, எம்மதத்தார் திருமணமும் பதிவு செய்யப்படல் வேண்டும் என்கிறது.

பெண்டிர் பகுதியும் உரிமையும்

பெண்கள் பகுதியில் பெண் கலைஞரே படமெடுத்தல் தகும். எனினும் அது மட்டும் போதாது. அப்படங்களைக் கணினியில் திருத்துபவர் யார்? ஆல்பம் அச்சிடுபவர் யார்? விளம்பரமாக இணையத்தில் வெளியிடுபவர் யார்? இவ்வினாக்களை முன்னரே எழுப்ப வேண்டும். தோழியர் நடுவே முக்காடின்றி அமர்ந்திருந்த மணமகள் ஒருவரின் படம், ஸ்டுடியோ ஒன்றின் விளம்பரப் பக்கத்தில் வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்த உறவினர் கண்டு சொன்ன பின்னரே குடும்பத்தார் அறிந்தனர். கேட்டவுடன் படம் நீக்கப்பட்டது. ஆனால் பார்த்த கண்களிலிருந்து அதை யார் நீக்குவர்?

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்கென எடுப்பித்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுப்பித்தவரே ஆவார். ஆதலின் கையொப்பமிடும் தாளில் இவ்வுரிமையைக் கலைஞருக்கு விட்டுக்கொடுக்கும் வரி உள்ளதா எனக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். 'எழுத்து மூலமான இசைவின்றி எப்படத்தையும் வெளியிடலாகாது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நேர்மையான கலைஞர் எவரும் அதனை மறுக்கமாட்டார்.

பெயர்ப் பட்டியல்

இனி, பாட்டனார் படத்திற்கு வருவோம். எடுக்க வேண்டிய குழுப்படங்களை இருபதிற்கு மிகாமல் பட்டியலிடுக. முதற் பெயர்கள் முதியோருடையனவாகவும் நோயுற்றோருடையனவாகவும் இருக்கட்டும். அவர்களை மேடையில் வரிசையில் நிற்கவைத்துக் காக்கச் செய்யாமல், கூட்டம் சேருமுன் நாற்காலியில் அமர்த்திப் படமெடுத்துவிட வேண்டும். உறவினர் அனைவரையும் அறிந்த இளைஞர் ஒருவரைக் கலைஞருடன் நாள் முழுதும் இருத்துக. "இவர் பெரியத்தா, இவர் மணமகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத்" என்று அவர் காதோடு சொல்லிக்கொண்டே வரட்டும். சமையற்கூடத்தில் நிற்பவரும் பந்தியில் பரிமாறுபவரும் குடும்பத்தாரே என்பதை மறத்தல் ஆகாது.

பாதுகாத்தல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொள்ள, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த ஆல்பம் மீள்வதரிது. ஆகவே படங்கள் மூன்று பிரதிகளாக இருத்தல் வேண்டும்: ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று இணையச் சேமிப்பில். கடற்காற்றின் ஈரமும் ஆல்பத்தில் பூஞ்சை படரச் செய்யும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றை உடன்வைத்து உயரமான அலமாரியில் காத்தல் நலம்.

செலவு பற்றி ஒரு சொல். எளிமையான மணத்தையே இஸ்லாம் பெரிதும் போற்றுகின்றது. கடன்பட்டு எடுத்த ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் கடனே கண்முன் நிற்கும். அரைநாள் பணிக்கு ஒரே கலைஞரும், நன்கு எண்ணிய பட்டியல் ஒன்றும் இருந்தால் எளிய குடும்பத்திற்குப் போதும். பட்டியல் எழுதப் பணம் வேண்டியதில்லை. திருமணத்திற்கு முந்திய இரவில் வீட்டு மூத்தவர்களுடன் அமர்ந்து அரைமணி நேரம் பேசினால் அது முடிந்துவிடும். அவ்வரைமணி நேரத்தை ஒதுக்கும் நல்லெண்ணத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!