இரண்டு அங்குலத் தண்ணீர்

கோவையில் மகள் வீட்டில் நாற்பது நாள் இருந்துவிட்டு மே மாதக் கடைசியில் சென்னை திரும்பினோம். கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். “எலி செத்திருக்கு” என்றார் வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜை நகர்த்தினார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார், பரணில் ஏறிப் பழைய குமுட்டி அடுப்பு வரைக்கும் இறக்கினார். எலி கிடைக்கவில்லை.

மறுநாள் பிளம்பர் வந்தார். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பையன், கடைசி பெஞ்ச். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டை ஒரு சுற்று வந்தவர், நாங்கள் புழங்காத இரண்டாவது பாத்ரூமுக்குள் போய், தரையில் இருக்கும் சல்லடை மூடிமேல் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். “நானி டிராப் காய்ஞ்சு கெடக்கு டீச்சர். அதான்.”

அந்தச் சல்லடைக்குக் கீழே புதைந்திருக்கும் கிண்ணத்துக்குத்தான் நானி டிராப் என்று பேர். மராத்தியில் குளிக்கிற இடத்துக்கு ‘ந்ஹாணி’ என்பார்கள். பம்பாய்ப் பக்கத்துச் சொல் நம் ஊர்க் கொத்தனார் வாயில் நானி ஆகிவிட்டது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். நாற்பது நாள் வெயிலில் அது ஆவியாகிவிட்டது. சாக்கடைக் குழாய்க்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவே இருந்த ஒரே கதவு அந்தத் தண்ணீர்தான்.

நாற்றம் பாதி குறைந்தது. மீதிக்காக அவர் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார். அங்கே ஒரு சுருள் பைப் நேராக இறங்கிச் சாக்கடைக் குழாய்க்குள் போயிருந்தது. “இங்க இருந்த பாட்டில் டிராப்பை யாரு கழட்டுனது?”

நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டது. வேறொரு ஆள் வந்து, “இது குப்பையப் புடிச்சு வெச்சுக்குது, நேரா விட்டா சர்ருனு ஓடிடும்” என்றார். சரி என்று தலையாட்டினேன். ஓடத்தான் செய்தது. அன்றிலிருந்து கரப்பான் பூச்சி அதிகமானதையும், சிங்க்கில் வாரம் இரண்டு அந்துருண்டை போடவேண்டி வந்ததையும் நான் அதனோடு முடிச்சுப் போடவே இல்லை. மீன் கழுவினதால் வரும் வாடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிராப் குப்பை பிடிக்க வைத்தது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். குப்பை தங்குவது பக்க விளைவு. அதன் வேலை தண்ணீர் பிடித்து வைப்பது. விளக்குவதற்காக அவர் வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த டிராப்பைக் கழற்றிக் காட்டினார். வாளியை அடியில் வைத்து, கோப்பை மாதிரி இருந்த அடிப்பாகத்தைக் கையாலேயே திருகினார். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒரு கூழ்; அதில் ஒரு கற்றை நரைமுடி, பேஸ்ட் மூடி ஒன்று, நிறம் மங்காத அரக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஐந்து. அத்தனையும் என் சொத்து. வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்து அந்த வாளியை எடுத்துப்போய் அதே வாஷ்பேசினில் கவிழ்த்தார். டிராப் தரையில் கிடந்தது. தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது.

வாஷ்பேசினிலிருந்து வரும் குழாய், கோப்பைக்குள் அடிமட்டத்துக்குச் சற்று மேல் வரை இறங்கி நிற்கிறது. வெளியே போகும் வழி பக்கவாட்டில், அதைவிட உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் வரை தண்ணீர் நிரம்பினால்தான் வழிந்து வெளியேறும். ஆக, குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும். யூ போல வளைந்த குழாயிலும் இதே கதைதான். மூழ்கியிருக்கும் ஆழம் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் இருநூறில் ஒரு பங்கைத் தாங்கும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் சாக்கடைக் குழாயில் சாதாரணமாக அவ்வளவு அழுத்தம்கூட வருவதில்லை.

தடுக்கப்படுவது வெறும் நாற்றமும் அல்ல. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. அளவு கூடினால் அது முதலில் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து. சாக்கடைக்குள் இறக்கிவிடப்படும் மனிதர்களைக் கொல்லும் வாயுவும் இதுதான். நம் வீட்டுக்குள் வருவது அதில் துளி.

தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் இந்த யோசனையைப் பதிவு செய்தவர் ஒரு கடிகாரக்காரர். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங், 1775இல் கழிப்பறைக்கு வாங்கிய காப்புரிமையில், கீழே குழாயை எஸ் போல வளைத்துத் தண்ணீரைத் தேக்கினார். தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை அதற்குமுன்பே இருந்தது. நாற்றம் மேலே வராமல் இருக்க வழி இல்லாமல் இருந்தது.

எஸ் வளைவில் ஒரு வில்லங்கம் உண்டு. “நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க, ரெண்டு வாளி, ஒரு டியூப்” என்றார் பிளம்பர். எனக்குச் சுருக்கென்றது. பைக் டேங்கிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி விட்டால் பெட்ரோல் தானாக இறங்குமே, அந்த சைஃபன். வளைவு தாண்டியதும் குழாய் செங்குத்தாக இறங்கினால், வேகமாகப் போகும் தண்ணீர் தேங்கியிருப்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையில் இதைப் படமாகப் போட்டவள் நான்.

மாடி வீட்டில் ஒருவர் வாளித் தண்ணீரைக் கொட்டினாலும் இப்படி நடக்கும். பொதுக்குழாயில் அது விழும்போது பின்னால் காற்று குறைந்து, கீழ்வீட்டு டிராப்பை உறிஞ்சும். சிங்க்கில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால் அதுதான். இதைத் தடுக்கவே அந்தக் குழாயை மொட்டை மாடி வரை நீட்டித் திறந்து விடுகிறார்கள். போய்ப் பார்த்தோம். கொசு வரக்கூடாது என்று எங்கள் அபார்ட்மென்டில் யாரோ புண்ணியவான் அதன் வாயில் பாலிதீன் பை கட்டியிருந்தார். கொசுவுக்குப் பயந்தால் வலை கட்டலாம். பை கூடாது.

காய்ந்த டிராப் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பு இருக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அந்த ஒரு குடியிருப்பில் 321 பேருக்குத் தொற்று. விசாரித்த சுகாதாரத் துறை சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று, பாத்ரூம் தரை டிராப்கள் வறண்டிருந்தது. தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியவர்கள் அவர்கள். போதாததற்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் அது குழாய்க் காற்றை உள்ளே இழுத்தது. பாத்ரூமைக் காயவே விடாத நம் பழக்கத்தை நான் எத்தனை தடவை கரித்துக்கொட்டியிருப்பேன்!

புது பாட்டில் டிராப் அன்றைக்கு 350 ரூபாய் ஆனது. மாட்டி முடிக்க இருபது நிமிஷம். புழங்காத பாத்ரூமுக்கு வாரம் ஒரு மக் தண்ணீர். ஊருக்குப் போவதாக இருந்தால், தண்ணீர் ஊற்றியபிறகு மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விடச் சொன்னார். ஏடு மாதிரி படர்ந்து நின்று, ஆவியாவதைத் தாமதப்படுத்துமாம்.

போன வாரம் மறுபடி கோவைக்குக் கிளம்பினோம். ஆட்டோ வாசலில் நிற்க, வீட்டுக்காரர் பாத்ரூமில் குனிந்திருந்தார். கையில் செக்கு நல்லெண்ணெய் பாட்டில். பிடுங்கிக்கொண்டு, பாமாயில் பாக்கெட்டை நீட்டினேன்.