நாள் கணக்கு

சென்னையில் கிரீம்ஸ் சாலையிலிருந்து ஆயிரம் விளக்குப் பக்கம் பிரியும் சந்துகளில் ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். கடைப் பலகைகளில் தமிழோடு வங்க எழுத்தும் இருக்கும். லாட்ஜ் வாசல் படியில், மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். வேலூரில் இது இன்னும் வெளிப்படை. ஹவுராப் பக்கமிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றால், பெட்டி படுக்கையோடு இறங்குகிறவர்களில் நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். காந்தி சாலைப் பக்கத்து மளிகைக் கடைகளில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெயும் அடுக்கியிருக்கும்.

இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இங்கே வைத்தியம் மலிவு." கேட்கச் சரியாகவே இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலை நம்பினால் அந்த லாட்ஜ் வாசலில் நடப்பது எதுவும் நமக்குப் புரியாது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மலிவு என்ற பேச்சு ஒரு விலைப் பட்டியலிலிருந்து வருகிறது. இதய அறுவை சிகிச்சைக்கு அமெரிக்காவில் இவ்வளவு, சென்னையில் அதில் ஒரு சிறு பங்குதான் என்று பத்திரிகைகளில் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். பட்டியலில் தவறில்லை. விலை பார்த்துப் போகும் பயணமும் உலகில் உண்டு. மெக்சிகோவில், அமெரிக்க எல்லையை ஒட்டி லாஸ் அல்கோடோனஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனைகள். அரிசோனாவிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் மக்கள் காரை எல்லையில் நிறுத்திவிட்டு, நடந்தே போய்ப் பல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் ஊரிலும் அதே பல்லைக் கட்டுவார்கள், ஆனால் விலை தாங்காது. அங்கே மலிவு என்ற சொல் பொருந்தும்.

நம் ஊருக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் அமெரிக்கர்கள் இல்லை. அண்மை ஆண்டுகளில் இந்தியாவுக்குச் சிகிச்சைக்கென்று வந்த வெளிநாட்டினரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்தவர். மற்றவர்களில் இராக், ஓமன், மாலத்தீவு, கென்யா என்று பல நாட்டினர். இதே வேலூருக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருகிறவர்களுக்கு 'வெளிநாட்டினர்' கணக்கில் இடமே கிடையாது. ஆனால் அவர்கள் படும் பாடும் அதேதான். இவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊரைவிட இங்கே மலிவு என்பதற்காக வருவதில்லை. பலர் நிலத்தை விற்றோ, நகையை அடகு வைத்தோ வருகிறார்கள். அந்தச் சிகிச்சை தங்கள் ஊரில் இல்லாததால் வருகிறார்கள். அல்லது இருந்தும், முதலில் பார்த்த டாக்டர் ஒன்று சொல்லி, இரண்டாமவர் வேறொன்று சொல்லி, யாரை நம்புவதென்று தெரியாமல் வருகிறார்கள். மாலத்தீவில் அரசே 2012இல் தொடங்கிய 'ஆசந்தா' காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், உள்ளூரில் முடியாத சிகிச்சைக்கு மக்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்புகிறது. இதையெல்லாம் 'மருத்துவச் சுற்றுலா' என்று அழைப்பது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான். வேலூருக்கு வந்து கோட்டையைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

சரி, பணம் காரணமில்லை என்றால் இந்தப் பயணத்தில் எதை எண்ணுவது? நாள்களைத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இரண்டு நோயாளிகளை அருகில் போய்ப் பார்ப்போம்.

முதலாமவருக்குக் கண்ணில் விழித்திரை பிய்ந்திருக்கிறது. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். வெளிச்சத்தைப் பிடித்து மூளைக்கு அனுப்புவது அதுதான். ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வருவதுபோல அது சுவரைவிட்டுப் பிரிந்தால் பார்வை போகும். அறுவை சிகிச்சையில் படலத்தைப் பழைய இடத்தில் பொருத்துவார்கள். ஒட்டும்வரை அது நகரக் கூடாதல்லவா? போஸ்டர் ஒட்டியவர் உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார், பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் அப்படிக் கை வைக்க முடியாது. அதனால் ஒரு வாயுக் குமிழியை உள்ளே விடுகிறார்கள். குமிழி மேல்நோக்கி மிதந்து படலத்தை அழுத்தும். அது சரியான இடத்தில் அழுத்துவதற்காகவே நோயாளியை நாள் கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள்.

இப்போது ஊட்டிக்குப் போவோம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டியதும் பலூன் மாதிரி உப்பியிருக்கும். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. பயணிகள் விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஊட்டி உயரத்து அழுத்தம்தான். அப்படியென்றால் கண்ணுக்குள் இருக்கும் குமிழி விமானத்தில் என்ன செய்யும்? சிப்ஸ் பாக்கெட் செய்ததைத்தான் செய்யும். பாக்கெட் உப்ப இடமிருக்கிறது, கண்ணுக்கு அது இல்லை. அழுத்தம் ஏறி, கண்ணுக்குப் போகும் இரத்த ஓட்டமே நின்று, காப்பாற்றிய பார்வை வழியிலேயே போய்விடலாம்.

அதனால் குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, மலையும் ஏறக் கூடாது. ஒருவகை வாயு இரண்டு வாரத்தில் கரையும். இன்னொரு வகைக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். சில நோயாளிகளுக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெயை நிரப்புவதும் உண்டு. எண்ணெய் விரியாது, விமானத்தில் போகலாம். ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்கத் திரும்ப வரவேண்டும். எது பொருந்தும் என்பதைக் கண்ணின் நிலையை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். அப்படி முடிவு செய்யும்போது, "ஊர் எது, எப்படித் திரும்புவீர்கள்?" என்றும் கேட்பார். தூரம் சிகிச்சைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது, பாருங்கள். அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரம்தான். லாட்ஜ் வாடகை ஒன்றரை மாதத்துக்கு.

இரண்டாவது நோயாளி ஒரு குழந்தை. தலசீமியா என்ற பிறவி இரத்தக் குறைபாடு. வங்காளத்தின் இரு பக்கமும் இது நிறையவே உண்டு. இந்தக் குழந்தையின் உடம்பு சரியான சிவப்பணுவைச் செய்வதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றிய இரத்தத்திலிருக்கும் இரும்புச் சத்து இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர முக்கியமான வழி எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் இதைச் செய்துவருகிறார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது.

மஜ்ஜை மாற்று என்றதும் கத்தி, தையல் என்று நினைக்கிறோம். குழந்தைக்கு அப்படி எதுவும் கிடையாது. வயலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை முழுக்க அழிப்பார்கள். அதுதான் உழவு. பிறகு பொருத்தமான அண்ணனிடமோ தங்கையிடமோ எடுத்த மஜ்ஜையை, இரத்தம் ஏற்றுவதுபோலவே இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். அதுதான் விதைப்பு. கூடப் பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. விதை எலும்புக்குள் போய் ஊன்றி முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை குழந்தைக்கு நோய் எதிர்ப்பு ஏறக்குறைய இல்லை. முளைத்த பிறகும் புதுப் பயிர் அந்த மண்ணோடு சண்டை போடலாம், வைரஸ் தாக்கலாம். அதனால்தான் மஜ்ஜை ஏற்றிய நாளிலிருந்து ஏறத்தாழ நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள்.

அந்த நூறு நாளில் அம்மாவும், நோயுள்ள குழந்தையும், மஜ்ஜை கொடுத்த அக்காவும் ஒரே அறையில் இருப்பார்கள். அப்பா ஊருக்குத் திரும்பிச் சம்பாதித்துப் பணம் அனுப்புவார். வெளிச் சாப்பாடு குழந்தைக்குக் கூடாது, சமைத்தாக வேண்டும். வேலூர் லாட்ஜ்களில் அடுப்போடு அறை கிடைப்பது இந்தத் தேவையால்தான். நாள் வாடகை, சிலிண்டர், காய்கறி எதுவும் மருத்துவமனை பில்லில் வராது. அக்காவின் படிப்பு போவதும் அதில் வராது. விலைப் பட்டியல் இதில் ஒன்றையும் காட்டுவதில்லை.

வெளிநாட்டினருக்கு இந்த நாள் கணக்கின்மேல் இன்னொரு கணக்கு ஏறும், அது விசா. இந்தியா மருத்துவ விசா என்றே தனியாக ஒன்று தருகிறது. துணைக்கு இரண்டு பேர் வரை உதவியாளர் விசாவில் வரலாம். லாட்ஜ்காரர் வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறுநீரக மாற்று என்றால் இன்னும் நாள் கூடும். வெளிநாட்டு நோயாளிக்கு நெருங்கிய உறவல்லாத இந்தியர் உயிரோடு உறுப்பு தருவதை நம் சட்டம் அனுமதிப்பதில்லை. உறவினரையே அழைத்து வந்து, உறவைத் தூதரகம் உறுதி செய்து, இதற்கென்றே உள்ள குழு ஒப்புதல் தரவேண்டும். உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க வந்த விதி இது. அவசியமானது என்றே நான் நினைக்கிறேன்.

2024 ஆகஸ்டில் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் ஆட்சி மாறியது. அங்கே இந்திய விசா தருவது பெருமளவு சுருங்கியது. மருத்துவ விசாவும் முன்புபோல எளிதாகக் கிடைக்கவில்லை. 2025இல் அங்கிருந்து ஒரு நோயாளிக் குழு சீனாவின் குன்மிங் நகருக்குச் சிகிச்சைக்குப் போனது. புதிதாகப் போகிறவர்களுக்கு அது ஒரு மாற்று வழி. ஆனால் இங்கே அறுவை சிகிச்சை முடிந்து, 'மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று சீட்டில் எழுதி வாங்கிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். கண்ணில் எண்ணெயோடு போனவருக்கு அந்த மூன்று மாதம் சிகிச்சையின் பாதி.

மருத்துவமனை தரும் 'பேக்கேஜ்' விலைக்குள்ளும் நாள்தான் ஒளிந்திருக்கிறது. கல்யாணச் சமையல்காரர் இலைக்கு இவ்வளவு என்று பேசுவார். கூட வந்த இலைக்குத் தனிக் கணக்கு. அதேபோல பேக்கேஜ் என்பது ஐ.சி.யூ.வில் இத்தனை நாள், வார்டில் இத்தனை நாள் என்று கட்டியது. மீறினால் ஒவ்வொரு நாளும் தனி. "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதோடு, "இதில் எத்தனை நாள் அடக்கம்?" என்றும் கேட்டு எழுதி வாங்கவேண்டும். நடுவில் வரும் தரகர் இதைச் சொல்லமாட்டார். அவருக்குப் பல நேரம் மருத்துவமனையே கமிஷன் தருகிறது. பெரிய மருத்துவமனைகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நேராக அங்கே கேட்பது நல்லது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு சிக்கல் காத்திருக்கும். சீட்டில் எழுதியிருப்பது இங்குள்ள கம்பெனி வைத்த மருந்துப் பெயர். டாக்காவில் அந்தப் பெயரே கிடையாது. பெரும்பாலும் அதே மருந்து அங்கேயும் தயாராகிறது, வேறு பெயரில். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொன்னால் போதும்.

இது அடுத்த நாட்டுக்காரருக்கு மட்டுமான பாடம் என்று எண்ண வேண்டாம். தேனியிலிருந்து சென்னைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் நம் சித்தப்பாவும் இதே பயணிதான். பெரும்பாலோர் உள்ளூர் பயாப்ஸி அறிக்கைத் தாளை மட்டும் எடுத்து வருகிறார்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து, கட்டியாக்கி, அதை மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பார்கள். மெழுகுக் கட்டிக்கு 'பிளாக்', கண்ணாடிக்கு 'ஸ்லைடு' என்று பெயர். அறிக்கை என்பது ஒருவர் ருசி பார்த்துச் சொன்னது, பானைச் சோறு அந்த பிளாக்தான். அது கையில் இருந்தால் புது மருத்துவமனை தானே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் திரும்ப ஊசி, திரும்பப் பரிசோதனை, இன்னும் பல நாள் லாட்ஜ். உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சைக்கு வெளியூர் கிளம்பினால், முந்தின நாளே அந்த ஆய்வகத்துக்குப் போய் பிளாக்கையும் ஸ்லைடையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வாருங்கள். கேட்டால் தருவார்கள்.