கல்லீரலின் துப்புரவு வேலையை முடக்கும் மது

நம் வீட்டுப் பகுதிக்கு இரண்டு வாரம் குப்பை லோரி வராவிட்டால் என்ன ஆகும்? குப்பை குவியும், நாற்றம் எடுக்கும், எலி பெருகும். நாள்தோறும் மிதமிஞ்சிக் குடிப்பவரின் கல்லீரலிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

நம் உடலின் உயிரணுக்கள், தமக்குள் சேரும் பழுதடைந்த பாகங்களையும் வீணான புரதங்களையும் தாமே செரித்து, மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. இதற்கு ‘ஆட்டோஃபேஜி’ என்று பெயர். தமிழில் தன்னுண்ணல் என்பார்கள். இது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பீரோ சம்சுவோ, உள்ளே போகும் மதுவின் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் உடைக்க வேண்டும். அப்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகி, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பழுதாக்குகிறது. கொழுப்பும் சேர்கிறது. முதலில் துப்புரவு வேலை வேகமெடுத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. குடி நீண்டகாலம் தொடர்ந்தால், குப்பையைச் செரிக்கும் ‘லைசோசோம்’ பைகளே பலவீனமாகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குப்பையும் கூடுகிறது, அள்ளுபவர் கையும் கட்டப்படுகிறது.

விளைவு? முதலில் கொழுப்புக் கல்லீரல், அடுத்து அழற்சி, கடைசியில் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ். கொழுப்பு சேரும் கட்டத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. “எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று பலர் சொல்வது அதனால்தான். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி மருத்துவமனைக்குப் போகும்போது நோய் முற்றியிருக்கும்.

ஆனால் கல்லீரல் மன்னிக்கத் தெரிந்த உறுப்பு. கொழுப்புக் கட்டத்திலேயே குடியை அறவே விட்டால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கொழுப்பு குறையத் தொடங்கும். சிரோசிஸ் வந்தவருக்கும் குடியை நிறுத்துவது ஆயுளைக் கூட்டும். ‘கல்லீரலைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கப்படும் பொடிகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். துப்புரவு செய்பவர் உள்ளேயே இருக்கிறார்; அவரை வேலை செய்ய விட்டால் போதும்.

ஓர் எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அரசாங்க கிளினிக்கில் எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி, மருத்துவர் ஆலோசனையோடு விடுவதே பாதுகாப்பு. வீட்டில் உள்ளவர்கள் திட்டித் தீர்ப்பதைவிட, அந்த முதல் நாள் கிளினிக்குக்குக் கூடவே போவது பெரிய உதவி.