மரம் விழும் முன் மனு போடுங்கள்

கருவேப்பிலங்குறிச்சி வழியாக ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் வரை பரந்து கிடப்பது பிச்சாவரம் அலையாத்திக் காடு. காட்டை அழித்தால் என்ன நேரும், அழிந்ததை எப்படி மீட்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் நம் கடலூர் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை பிச்சாவரத்தில் பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேற்றின் ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் ஏறிய நீர் திரும்ப வழியின்றித் தேங்கி உப்பைக் கூட்டியது. அந்த மண்ணில் கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நடவு செய்த பிறகே பச்சை திரும்பியது. 2004 சுனாமியில், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதை இந்த மாவட்டத்தில் நடந்த ஆய்வே காட்டியது.

ஆபத்து

மரமும் மண்ணும் பல்லாண்டு சேர்த்துவைத்த கரி, காட்டை அழித்தால் கரியமில வாயுவாக வானில் ஏறுகிறது. 2019-ல் மனிதர் வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 11 சதவீதம் நிலப்பயன்பாட்டு மாற்றத்தால் வந்த கரியமில வாயு. அதில் பெரும்பங்கு காடழிப்பினுடையது. 2030-க்குள் காடழிப்பை நிறுத்துவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் 140-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுதியளித்தன. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. ஆகவே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது உள்நாட்டுச் சட்டங்களையே.

உரிமை

1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசின் ஒப்புதலின்றிக் காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப முடியாது. கோதவர்மன் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது. 2023-ன் திருத்தம் இந்தப் பாதுகாப்பைச் சுருக்கியது. ஆனால் 1996-ன் விளக்கத்தையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. காட்டை நம்பி வாழ்வோரின் உரிமைகளை 2006-ன் வன உரிமைச் சட்டம் காக்கிறது.

தீர்வு

- சாலையோரத்திலோ ஏரிக்கரையிலோ அரசுக்குச் சொந்தமான மரத்தை யாராவது வெட்ட வந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி ஆணையைக் கேளுங்கள்.
- ஆணை இல்லையென்றால் படம் எடுத்து, வட்டாட்சியருக்கும் வனச்சரக அலுவலருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.
- 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஆவணம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.
- வனப் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் போவது முக்கியம்.
- கிராம சபையில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். தனி ஆளின் புகாரை ஒதுக்கிவிடும் அதிகாரிக்கும், ஊரே கூடி எழுதியதை ஒதுக்குவது எளிதல்ல.