புது காருக்கு வாரன்ட்டி இருக்கு... ஆனா எதுக்கெல்லாம் கிடைக்காது?

‘3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ.’ என்று வாரன்ட்டி இருந்தால், எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்துவிடும். தினமும் 120 கி.மீ. ஓடும் கார், இரண்டரை ஆண்டுக்குள்ளேயே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

வாரன்ட்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக இதில் வராது. டயருக்கு டயர் நிறுவனத்தின் வாரன்ட்டிதான்.

பலரும் மாட்டிக்கொள்வது மழைக்காலத்தில். வெள்ளத்தில் நின்ற காரை, ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று முயற்சி செய்தால் வம்புதான். காற்றைப்போல் தண்ணீரை அழுத்த முடியாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது தயாரிப்புக் குறை இல்லை என்பதால் வாரன்ட்டி கிடைக்காது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் எடுக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் கஷ்டம்தான். ஸ்டார்ட் செய்யாமல், காரை டோ செய்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே நல்லது.

சர்வீஸை உரிய நேரத்தில் செய்து, பில்களைப் பத்திரப்படுத்துங்கள். தயாரிப்புக் குறைக்கே வாரன்ட்டி மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.