டிராக்டரின் இடுப்பைக் கழற்றுவது

பழைய டிராக்டரில் கிளட்ச் பிளேட் மாற்றுவது அரைமணி நேர வேலைதான். ஆனால் அந்தப் பிளேட்டைக் கண்ணால் பார்ப்பதற்கே வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். ஏனென்றால் இதற்கு லாரியைப் போலத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகிய வார்ப்பிரும்புக் கூடுகளை வரிசையாகப் போல்ட் போட்டு இறுக்கியதுதான் இதன் முதுகெலும்பு. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் இந்த அமைப்பை உலகெங்கும் பரப்பியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நம் வயல்களுக்குக் கொண்டுவந்த மாஸி பெர்குசனும் இதே சாதிதான்.

எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் நெருக்கிப் பிடிக்கும்வரை மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய்ப் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிடி விட்டுவிடும். பழைய மாஸிகள் பலவற்றில் இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால், பின்னால் பூட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டும் நிற்கும்.

சுமையோடு மேடேறும்போது எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் பிளேட் வழுக்குகிறது. உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே கொஞ்சம் வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் விரல்களை எந்நேரமும் தொட்டுக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்கூட வழுக்கும். சேற்றுழவில் பெடல்மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவர்கள் இதே கேட்டைக் காலாலேயே செய்கிறார்கள். அடுத்து, கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் எண்ணெய் சொட்டினால் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் பின்சீல் போயிருக்கிறது. கறுக்காத எண்ணெய் என்றால் கியர் பாக்ஸ் சீல். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் நனையும்.

பிரிக்கச் சிமென்ட் தரை வேண்டும். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் தொட்டில்போல ஆடுவது. பின்பாதியை விட்டு விலகியதும் எஞ்சின் பக்கவாட்டில் சரிந்துவிடும். அதனால் அச்சுக்கும் எஞ்சினுக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அடித்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். பேட்டரி வயர், டீசல் பைப், ஸ்டியரிங் ராடு எல்லாம் கழன்றபின், பின்பாதியை உறுதியான ஸ்டாண்டில் உட்கார வைத்து, முன்பாதியைச் செயின் பிளாக்கில் தாங்கி முன்னே உருட்டுவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது முட்டாள்தனம்.

உள்ளே கறுப்புத் தூசி அப்பியிருக்கும். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஃபிளைவீலில் ரிவிட் கீறல் விழுந்திருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். ரிலீஸ் பேரிங்கையும் ஃபிளைவீல் நடுவிலுள்ள சின்னப் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பேரிங் மிச்சம் பிடித்தவர்கள் மறுபடி வண்டியைப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கும். நடுத்துளை நேராக நிற்க, பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றையோ கடைந்த மரத்தண்டையோ செருகிக்கொண்டு பிரஷர் பிளேட்டை முடுக்க வேண்டும்.

பொறுமை போவது இணைக்கும்போதுதான். கியர் பாக்ஸ் ஷாஃப்டின் பற்கள் பிளேட்டின் பள்ளங்களில் ஏறாமல் இரண்டு விரற்கடை இடைவெளியில் வண்டி அடம்பிடிக்கும். போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று கை அரிக்கும். இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி கோணும், வார்ப்பிரும்புக் கூடும் விரிசல் விடலாம். ஒருவர் ஃபிளைவீலை மெல்லத் திருப்ப, இன்னொருவர் முன்பாதியைத் தள்ளினால் ஒரு நொடியில் தானே உள்ளே போய்விடும்.

பூட்டியதும் பெடல் ஆட்டத்தைக் கம்பெனிக் கையேட்டின் அளவுக்கு வையுங்கள். சில நாள் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். புதுப் பிளேட் படியப்படிய அந்த ஆட்டம் குறையும்.